வாடகைக் கார் இல்லாமல் ஊர்ப் பயணம்

சிங்கப்பூரில் விமானம் ஏறும் முன்பே ஊரில் வண்டி பேசிவிடுவது எங்கள் குடும்பத்தில் நெடுநாள் வழக்கம். திருச்சி விமான நிலையத்துக்கு வரும் அதே கார், விடுமுறை முடியும்வரை கோயில், கல்யாணம், துக்கம் விசாரிப்பு, துணிக்கடை என்று கூடவே சுற்றும். இந்த முறை வாடகையைக் கேட்டதும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, சுங்கச்சாவடி, இரவு தங்கினால் அதற்குத் தனி. வண்டிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சென்னையில் பெட்ரோல் விலை 2021 ஜூலையில் லிட்டருக்கு 100 ரூபாயைத் தொட்டது. ஆகஸ்டில் மாநில அரசு 3 ரூபாய் குறைத்தது. அந்த ஆண்டு நவம்பரிலும் அடுத்த ஆண்டு மே மாதத்திலும் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தது. அத்தனைக்குப் பிறகும் விலை 100-க்கு மேலேயே நிற்கிறது. டீசல் 90-ஐத் தாண்டி வெகுநாளாகிவிட்டது. நாடு பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது என்னும்போது இது சட்டென்று இறங்கும் என்று நம்ப முடியவில்லை.

பஸ்ஸிலும் ரயிலிலும் போய்க்கொள்கிறேன் என்றதும் மாமா பதறிவிட்டார். “சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் ஊரில் என்னைத்தான் கேட்பார்கள்” என்றார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் காரில் வந்து இறங்குவது அவனுக்கு மட்டுமான வசதி இல்லை, வீட்டாருக்கான மரியாதையும்கூட. சிங்கப்பூரில் கார் வாங்கும் உரிமைச் சான்றிதழுக்கே பெரும் பணம் கொடுக்க வேண்டும்; அதனால் அங்கே என்னைப் போன்றவர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் வேலைக்குப் போகிறோம். அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் மாமா அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூனில் இயங்கத் தொடங்கியது. கட்டடம் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பெட்டிகளை இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைச் சாலைப் பக்கம் வந்து டவுன் பஸ் பிடிப்பது எளிதாக இல்லை. ஜங்ஷன் வரை ஆட்டோ வைத்துக்கொண்டேன். வெளியூர் பஸ்களில் பெரும்பாலானவை 2025 ஜூலை முதல் பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்குப் போய்விட்டன. முன்பெல்லாம் ரயிலை விட்டிறங்கி மத்தியப் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். இப்போது ரயிலா, பஸ்ஸா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு ஆட்டோவில் ஏறுவது நல்லது.

நான் ரயிலைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் ஊர் பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிறது. மயிலாடுதுறை போகும் பாசஞ்சர் ரயில் தஞ்சாவூர் வழியாகப் பாபநாசத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். கொரோனா காலத்தில் 30 ரூபாயாக்கப்பட்ட குறைந்தபட்சக் கட்டணம் 2024-இல் மீண்டும் 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. கவுண்டரில் நான் கொடுத்தது ஒரு காபிக்கான பணத்தைவிட அதிகம் இல்லை. பூதலூரைத் தாண்டியதும் இரு பக்கமும் வயல். எதிர்ச் சீட்டில் இருந்த பெரியவர் என் பெட்டியின் ஒட்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு, “தம்பி, பாபநாசத்தில் மேம்பாலம் பக்கம் இறங்காதீர்கள், ஆட்டோ எல்லாம் இந்தப் பக்கம்தான் நிற்கும்” என்று கேட்காமலே சொன்னார். காரில் வந்திருந்தால் அந்தப் பெரியவரோடு பேசியிருக்க மாட்டேன்.

டவுன் பஸ்தான் என்னை அதிகம் வியக்கவைத்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இதைச் செய்தியாகப் படித்திருந்தேனே தவிர, அது வீட்டுக்குள் என்ன செய்திருக்கிறது என்று பார்த்ததில்லை. முன்பு எங்கே போவதென்றாலும் பெரியம்மா யாராவது வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும் என்று காத்திருப்பார். இப்போது கிருத்திகைதோறும் தனியாகவே சுவாமிமலைக்குப் போய்வருகிறார். அவரோடு நானும் ஒரு கிருத்திகைக்குப் போனேன். பஸ் நிறையப் பெண்கள். வாழையிலைக் கட்டு, பூக்கூடை, பள்ளிக்கூடப் பை, மருந்துச் சீட்டு என்று ஆளுக்கொரு காரியம். கண்டக்டர் அவர்களுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார், அதில் கட்டணம் மட்டும் இல்லை. பெரியம்மா அதை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் காசு வாங்கினார்கள். ஆண்கள் கொடுக்கும் கட்டணமும்கூட 2018 ஜனவரிக்குப் பிறகு பெரிதாக உயரவில்லை. பெட்ரோல் விலையோடு வைத்துப் பார்த்தால் இது சாதாரண விஷயம் இல்லை.

அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது வேறு கதை. அம்மாவுக்கு முழங்கால் வலி. நம் ஊர்ப் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்பது அவரை ஏற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை என் தோளில் ஊன்றி, இடது காலை மேலே வைத்தவர் வலது காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். உள்ளிருந்து ஒரு பெண் குனிந்து கைகொடுத்து இழுத்துக்கொண்டார். டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். எல்லா டிரைவர்களும் அப்படி நிற்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பஸ்கள் ஓடுகின்றன, 2025-இல் மின்சாரப் பஸ்களும் வந்துவிட்டன. டெல்டாவில் நான் ஏறிய பஸ்களில் ஒன்றுகூடத் தாழ்தளம் இல்லை. முழங்கால் வலி சென்னைக்காரர்களுக்கு மட்டுமா வருகிறது? அதற்குப் பிறகு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகக் காரைத்தான் கூப்பிட்டேன். அந்தச் செலவு எனக்கு உறுத்தவில்லை.

பிரதான சாலையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். வாய்க்கால் ஓரமாகவே போகும் சாலை அது. இந்த மூன்று கிலோமீட்டருக்காகத்தான் ஊரில் பலர் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மினி பஸ் உண்டு, மாலைக்கு மேல் அதை நம்ப முடியாது. சித்தப்பா மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கி வீட்டுத் திண்ணையிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறான்; பெட்ரோல் பங்கை மறந்துவிட்டதாகச் சொன்னான். நான் அவனுடைய பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு இன்னும் இருக்கிறது. எண் எழுதிய அட்டையைப் பாதியாகக் கிழித்து, ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி மற்றதை நம்மிடம் தருகிறார்கள். காலை வெயில் ஏறும் முன் அந்த வாய்க்கால் சாலையில் மிதித்துப் போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

சென்னைக்கு ரயிலில் போக நினைக்கும் வெளிநாட்டுவாழ் நண்பர்களுக்கு ஒரு செய்தி. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. கும்பகோணம் வழியாகப் பகலில் சோழன், இரவில் உழவன் என்று ரயில்கள் இருந்தாலும் விடுமுறைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாட்டுவாழ் இந்தியர்கள் 182 நாள் தங்காமலே ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம், ஊரில் இருக்கும்போதே அதை முடித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் கைபேசி எண்ணையே வெளிநாட்டுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த முடிகிறது. டவுன் பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை வைத்திருங்கள்.

எனக்கு உண்மையான மனக்குறை ஒன்றுதான். நான் காத்திருந்த நிறுத்தங்களிலும் பேருந்து நிலையத்திலும் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதிய பலகையைப் பார்க்கவே இல்லை. பஸ் வருகிறது, பல நேரம் ஒழுங்காகவே வருகிறது. அது டீக்கடைக்காரருக்குத் தெரியும், பூக்காரம்மாவுக்குத் தெரியும், புதிதாக வந்து நிற்பவனுக்குத் தெரியாது. அவன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கைகாட்டிவிடுகிறான். கடைசி மினி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டபோது மூன்று பேர் மூன்று நேரம் சொன்னார்கள். கண்டக்டரிடமே கேட்டு எங்கள் நிறுத்தத்துக்கான நேரங்களை எழுதி வாங்கி, அடுத்து வரப்போகும் தங்கைக்கும் அவள் கணவருக்கும் அனுப்பிவிட்டேன். அவர்களும் இந்த முறை வண்டி பேசவில்லை.