பிராம், மடக்குவண்டி, முதுகுத்துணி, தூளி: பேரக்குழந்தைக்கு எதை எடுப்பது?

என் மகளுக்கு இன்னும் ஏழு வாரங்களில் குழந்தை பிறக்கவிருக்கிறது. அதற்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில், பழைய கோணிப்பைகளுக்குப் பின்னால், கருநீல நிறத்தில் உயரமான ஒரு பிராம், அதாவது குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளும் பழைய பாணி வண்டி, நிற்கிறது. டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் இருக்கும் சம்பந்தியம்மா, தம் வீட்டில் இரண்டு குழந்தைகளை வளர்த்த மடக்குவண்டியைத் துடைத்து வைத்திருக்கிறார். அலமாரியில் என் தாயார் கட்டிய பருத்திச் சேலைகள் நான்கு, தூளிக்கென்று மடித்தபடி இருக்கின்றன. மகளோ தொட்டில், தள்ளுவண்டி, கார் இருக்கை மூன்றும் ஒன்றாய் அமைந்த புதிய வண்டியொன்றைக் கைப்பேசியில் காட்டினாள். அதன் விலை, நாங்கள் முதன்முதலில் வாங்கிய பழைய காரின் விலையை எனக்கு நினைவூட்டியது.

இவற்றைப் பழையது, புதியது என்று இரண்டாகப் பிரித்து அலசுவதில் பயனில்லை என்பது என் கருத்து. பழைய பொருள் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதா, கைக்குத் தட்டுப்படுகிறதா என்று கேட்பதே சரியான கேள்வி.

துணியை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பலமுறை துவைத்து நைந்த வேட்டியையோ சேலையையோ கிழித்துத்தான் முதலில் சுற்ற வேண்டும் என்று என் ஆயா, அதாவது பாட்டி, சொல்வார். அதுவும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்ந்தவர் உடுத்திய துணியாக இருந்தால் இன்னும் நல்லது என்பார். இதில் நம்பிக்கை பாதி, நடைமுறை அறிவு பாதி. கஞ்சியும் மிகைச் சாயமும் போய்விட்ட பருத்தி, குழந்தையின் தோலை உறுத்தாது. நைந்துபோன இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உடனே தெரிந்துவிடும்; வேண்டாமென்றால் அந்தத் துண்டைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிடலாம். சட்டை, சதுரத் துணி நாப்கின், கம்பளிக் காலுறை ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். தளர்ந்த பொத்தானையும் கழுத்தில் கட்டும் நீண்ட நாடாவையும் மட்டும் நீக்கிவிட வேண்டும். துணி விஷயத்தில் புதியதற்கு வாதாட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பிராம் விஷயம் அவ்வளவு எளிதன்று. அது எங்கள் வீட்டுக்கு வந்த வழியும் வேறு. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வசித்த மேகசின் பேரக்ஸ் என்ற குடியிருப்பில், சொம்ட்சு சாலையையொட்டி, என் தாத்தாவுக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயா, பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குத் துணி துவைக்கப் போவார். அந்த வீட்டின் கடைசிக் குழந்தை நடக்கத் தொடங்கியதும், பிராமை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். தாத்தா அதை மேட்டிலிருந்து பேரக்ஸ் வரை தள்ளிக்கொண்டே இறங்கி வந்தாராம்; உள்ளே குழந்தைக்குப் பதிலாக அழுக்குத் துணி மூட்டை இருந்ததாம். ஆயாவுக்கு அது பெருமையாக இருந்ததா, கூச்சமாக இருந்ததா என்று நான் கடைசிவரை கேட்டறியவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பிராமில் முதலில் படுத்தவள் நான்.

இவ்வண்டியின் மரபு நீளமானது. 1733இல் வில்லியம் கென்ட் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், டெவன்ஷர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் ஒரு வண்டியைச் செய்து கொடுத்தார். ஆடோ மட்டக்குதிரையோ இழுக்கும் வகையில் அது அமைந்திருந்தது. மனிதர் பின்னாலிருந்து தள்ளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. 1877இல் வில்லியம் வில்சன் லீட்ஸ் நகரில் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனத்தின் வண்டிகள், வில்களும் பெரிய சக்கரங்களும் கொண்டு, செல்வர் வீட்டு அடையாளமாகவே ஆகிவிட்டன. எங்களுடையது யார் செய்தது என்பதற்கான தகடு உதிர்ந்துவிட்டது; ஆனால் அமைப்பு அதே மாதிரிதான்: ஆழமான உடல், நான்கு பெரிய கம்பிச் சக்கரங்கள், கெட்டி ரப்பர்ப் பட்டை, மடங்கும் கூரை.

அதன் சிறப்பை மறுக்க முடியாது. பிறந்த குழந்தை முதுகு நிமிர்ந்து, சமதளமாகப் படுக்க வேண்டும் என்று இன்றைய மருத்துவர்கள் கூறுவதை அந்த ஆழமான உடல் இயல்பாகவே நிறைவேற்றுகிறது. வில்லின் மேல் அமர்ந்திருப்பதால் கல்லும் குழியும் குழந்தையின் தலையை அசைப்பதில்லை. குழந்தையின் முகம் தள்ளுபவரை நோக்கியிருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியைச் சிறியதாக எண்ண வேண்டாம். 2008இல் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸீடிக் மேற்கொண்ட ஆய்வில், தம்மை நோக்கி அமர்ந்திருக்கும் குழந்தையோடுதான் பெற்றோர் அதிகம் பேசுகிறார்கள் என்று தெரியவந்தது. பேரக்ஸ் சந்துகளில் ஆயா என்னைத் தள்ளிக்கொண்டே வாய் ஓயாமல் கதை சொல்வார் என்று அம்மா சொன்னது பொய்யாக இருக்காது.

ஆனால் பேரக்ஸ் இருந்த இடம் கடலோரச் சமநிலம் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மக்களை இனவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின் பேரில், 1960களில் அங்கிருந்த குடும்பங்கள் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டன. சாட்ஸ்வர்த்தோ மேடும் பள்ளமுமான ஊர். எங்கள் வீட்டுக்குத் தெருவிலிருந்து இருபத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். இருவர் சேர்ந்து தூக்கினாலும் மூச்சு வாங்கவைக்கும் பிராம், ஒரே நாளில் வண்டி என்ற தகுதியை இழந்து காய்கறிக் கூடையாகவும் துவைத்த துணி காயும்வரை வைக்கும் தொட்டியாகவும் மாறியது. தம்பிகள் அதன் சக்கரங்களைக் கழற்றித் தம் பெட்டிவண்டிக்கு மாட்டப் பார்த்ததை அப்பா தடுத்துவிட்டார். ஒருநாள் அம்மா சந்தையிலிருந்து திரும்பிச் சரிவின் உச்சியில் பிராமை நிறுத்திச் சக்கரத் தடையைப் போட்டார்; தேய்ந்துபோன தடை பிடிக்கவில்லை. உள்ளே இருந்த இரண்டு பூசணிக்காய்களும் ஒரு கட்டு மல்லித்தழையும் வண்டியோடு சேர்ந்து தெருக்கோடி வரை ஓடின. அன்றைக்குப் பிறகு அதில் எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் படுக்கவில்லை.

ஆகவே பிராமின் குறைகளை எண்ணும்போது தடை முதலில் வருகிறது. அடுத்தது உயரம்: உட்காரக் கற்ற குழந்தை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும், இடுப்பு வார் இல்லாமல் அதில் உட்கார வைக்கவே கூடாது. மூன்றாவது டர்பனின் காற்று. உப்பும் ஈரமும் கலந்த இந்தக் காற்றில் வில் துருப்பிடிக்கும், மெத்தையில் பூஞ்சை படரும். கோடையில் கூரையை மூடி அதன்மேல் துணியையும் போர்த்தினால் உள்ளே வெப்பம் ஏறிவிடும். ஆயினும் இந்தக் குறைகள் யாவும் வெளிப்படையானவை. திருகைத் திருப்பிப் பார்க்கலாம், துருவைச் சுரண்டிப் பார்க்கலாம், மெத்தையை மோந்து பார்த்தே தள்ளிவிடலாம்.

சம்பந்தியம்மாவின் மடக்குவண்டிக்கு வருவோம். குடையைப் போல மடங்கும் இந்த வகையை உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய பொறியாளர் அவர். தம் பேரக்குழந்தைக்கு வந்த கனத்த வண்டியைக் கண்டு, விமானத்துக்குரிய அலுமினியக் குழாய்களைக் கொண்டு 3 கிலோவுக்கும் குறைந்த எடையில் ஒரு வண்டியைச் செய்து, 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தாத்தா ஒருவரின் அலுப்பிலிருந்து பிறந்த வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. ஒரு கையில் குழந்தை, மறுகையில் மடித்த வண்டி என்று மினிபஸ் டாக்ஸியில் ஏறலாம். இருபத்திரண்டு படிகளும் பெரிய தடையல்ல. ஆனால் தொங்குபை போன்ற அதன் இருக்கை, கழுத்து நிற்காத குழந்தைக்கு ஆகாது. முழுதும் சாய்க்க முடியாத மாதிரியாக இருந்தால் ஏறக்குறைய ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். சந்தைச் சந்தடியில் குழந்தை பார்ப்பது முன்னால் போகிறவர்களின் முழங்கால்களை மட்டுமே.

மடக்குவண்டியின் தேய்மானம் கீலில் இருக்கிறது. 2009 நவம்பரில், மடக்கும்போது குழந்தைகளின் விரல் நுனி நசுங்கித் துண்டான நிகழ்வுகளுக்குப் பிறகு, மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 இலட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை வழங்க நேர்ந்தது. பழைய மடக்குவண்டியை வாங்குபவர் துணியின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், கீலுக்கு உறை இருக்கிறதா, பூட்டு முழுதாக விழுகிறதா என்று பத்து முறை மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும்.

சக்கரமே வேண்டாம் என்பவர்களுக்கு இந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. ஜூலு மக்கள் குழந்தையை முதுகில் கட்டிச் சுமப்பதை உகுபெலெதா என்பார்கள். முன்னாளில் அதற்குப் பயன்பட்ட தோலாடையின் பெயர் இம்பெலெகோ. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதையே ‘அபா’ என்பார்கள். இந்நாட்டுப் பழங்குடியினரான கொய்கொய் மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். நம் காதில் அது ‘அப்பா’ என்றே விழும், சுமப்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருந்தாலும். எங்கள் தெருவில் மீலி (மக்காச்சோளம்) விற்ற பெண்மணி, தலையில் மூட்டையும் முதுகில் குழந்தையுமாக, எங்கள் பிராம் தோற்றுப்போன அதே மேட்டில் நாள்தோறும் ஏறிச் சென்றதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கெட்டியான ஒரு துவாலையும் போர்வையும் போதும். குழந்தையின் கால்கள் விரிந்து இடுப்பை அணைப்பதால் அதன் இடுப்பு மூட்டுக்கும் அது நல்லது. கழுத்து நின்ற பிறகுதான் செய்யலாம் என்பதும், கட்டுவதைத் தெரிந்தவரிடம் நேரில் கற்க வேண்டும் என்பதுமே நிபந்தனைகள். நாங்கள் இடுப்பில் தூக்கித் தூக்கி முதுகுவலியைச் சம்பாதித்தோமே தவிர, அருகிலிருந்தும் இதைக் கற்கவில்லை.

தூளியைப் பற்றி நேர்மையாகப் பேசுவது எனக்குக் கடினம், ஏனென்றால் அதன் பக்கம் என் மனம் சாய்ந்திருக்கிறது. உத்தரத்தில் கட்டிய அம்மாவின் சேலையில், காலால் கயிற்றை ஆட்டியபடியே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, என் மகளை உறங்க வைத்திருக்கிறேன். அழும் குழந்தையை அமைதிப்படுத்துவதில் மேலே சொன்ன எதுவும் தூளிக்கு ஈடாகாது. ஆனால் வளைந்த துணிக்குள் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுத் தடைப்படலாம். துணியை விரித்து வைக்கக் குறுக்குக் கட்டை செருகினாலும் அந்த அபாயம் முற்றும் நீங்குவதில்லை. மூத்த பிள்ளைகள் வெறும் தூளியில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகும் விபத்துகளும் நேர்கின்றன. எனவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் விழித்திருக்கும் பகற்பொழுதுக்கு மட்டும் தூளி. இரவுக்குச் சமதளமான, கெட்டியான படுக்கை.

அந்த இரவுப் படுக்கைக்குத் தம்பி வீட்டு மரக்கட்டில் கிடைக்குமா என்று மகள் கேட்டாள். நான் மறுத்துவிட்டேன். அதன் கம்பிகளுக்கிடையே குளிர்பானக் குவளை நுழைகிறது. இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போனால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். ஒருபக்கம் கீழிறங்கும் கட்டில் அது. அவ்வகைக் கட்டில்களின் விற்பனையை அமெரிக்கா 2011இல் தடைசெய்தது. அடியில் இருக்கும் பழைய எனாமல் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும், பல் முளைக்கும் பிள்ளை அதைக் கடிக்காமல் விடாது.

கார் இருக்கையில்தான் என் அளவுகோல் முழுதாகக் கைவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் 2015 மே மாதம் முதல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை காரில் உரிய இருக்கையில்தான் பயணிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய இருக்கை பார்வைக்குப் புதியதாகவே இருக்கும். ஒரு மோதலில் அதன் உட்புறம் விரிசல் கண்டிருந்தாலோ, வெயிலில் நின்ற காரில் கிடந்து பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தாலோ வெளியே தெரியாது. பழையதையே எடுக்க நேர்ந்தால் ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டில் பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் 44.03 அல்லது 44.04 என்ற எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் பார்க்கலாம். ஆனால் விபத்தில் பட்டதா என்பதைச் சொல்லக் கொடுப்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. பழைய இருக்கைகளைப் பெற்று, பரிசோதித்து, சுத்தம் செய்து, இல்லாதவர்க்கு வழங்கும் தொண்டு நிறுவனம் ஒன்று ஜோகன்னஸ்பர்க் பக்கம் இயங்குகிறது. அத்தகைய தேர்ந்த கண்கள் வழியாக வந்தால் சரி. மற்றபடி, குடும்பத்தில் பணம் திரட்டிப் புதிதாக வாங்க வேண்டிய ஒரே பொருள் இதுதான். மகள் காட்டிய மூன்று-ஒன்று வண்டியின் விலையில் பெரும்பகுதி தோற்றத்துக்குப் போகிறது என்று எனக்குத் தோன்றியதால், தனிக் கார் இருக்கையை வாங்கித் தருவதாக நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

அதன்படி சம்பந்தியம்மாவின் வண்டி ஆறாம் மாதத்துக்காகக் காத்திருக்கிறது. சேலைகளில் இரண்டு சுற்றுத் துணியாகவும் இரண்டு தூளியாகவும் பிரிந்தன. பிராம் இனித் தெருவுக்குப் போகாது. வராண்டாவில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் அடைத்து, புதிய மெத்தையோடு பகலில் குழந்தை விழித்துக் கிடக்கும் இடமாக நிற்கும். என் கணவர் வில்களுக்கு எண்ணெய் போட்டுவிட்டார், இருந்தும் பழைய கிறீச்சொலி போகவில்லை. நேற்று வந்த தங்கை பேரன் அதன் கைப்பிடியைப் பிடித்து ஆட்டத் தொடங்கினான். வெறும் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று ஆயா அதட்டுவது என் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவனோ நிறுத்துவதாக இல்லை. ஆகவே இப்போதைக்கு அதில் ஒரு பூசணிக்காயை வைத்திருக்கிறோம்.