சாங்கி அரும்பொருளகம்: ஒரு தீப்பெட்டியும் ஒரு கேள்வியும்

பள்ளி விடுமுறையில் மகனை சிங்கப்பூரின் அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் உள்ள சாங்கி தேவாலய அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனேன். 2021-ல் புதுப்பித்துத் திறந்த பிறகு நான் போவது இதுதான் முதல் முறை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் கிடையாது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்ததும் ஜப்பானியரிடம் பிடிபட்டவர்களின் கதை இது. பீரங்கி, டாங்கி பார்க்கும் ஆசையில் போகாதீர்கள். என்னை நிறுத்தி வைத்தவை கையளவுப் பொருட்கள்தான். ஒரு தீப்பெட்டி, அதற்குள் மோர்ஸ் தந்தி அனுப்பும் கருவி. அப்புறம் சார்ஜண்ட் ஜான்ஸ்டனுக்கு மனைவி கொடுத்த கோடாக் கேமரா. சிறைப்பட்டிருந்த காலம் முழுக்க அதை ஒளித்தே காப்பாற்றியிருக்கிறார். சோதனை போடும் ஒவ்வொரு முறையும் மனுஷன் எப்படித் துடித்திருப்பார்!

சிறை அறை ஒன்றை அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். சில எட்டில் சுவர் வந்துவிடும். உள்ளே நின்றுகொண்டு மகன் கேட்டான்: "ஏம்ப்பா, யாருமே தப்பிச்சுப் போகலையா?"

போனார்கள். சுற்றிலும் கடல், வெளியே போனால் வெள்ளைத் தோல் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியும் போனார்கள். தப்பி மாட்டிக்கொண்ட நான்கு பேரை அந்த ஆண்டு செப்டம்பர் 2-ல் சுட்டுக் கொன்றார்கள். அதே நாட்களில், 'தப்பிக்க மாட்டேன்' என்று கையெழுத்துப் போட மறுத்த 15,000-க்கும் மேற்பட்ட கைதிகளை செலாராங் முகாம் சதுக்கத்தில் அடைத்தார்கள். தண்ணீர் போதவில்லை, வயிற்றுக்கடுப்பு பரவியது. கடைசியில் கைதிகளின் தளபதிகளே கையெழுத்திடச் சொன்னார்கள். சில ஆஸ்திரேலியர்கள் தங்கள் ஊர்க் கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெயரை எழுதிக் கொடுத்தார்களாம்! தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணியை முடித்தவன் நான். ஆணைக்குக் கீழ்ப்படிவதும் பணிய மறுப்பதும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பது அந்தப் பெயரில் எனக்குப் புரிந்தது.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் கூடவே நின்று கதை சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். முற்றத்துத் தேவாலயத்தில் இருக்கும் பித்தளைச் சிலுவையைப் பார்க்காமல் வராதீர்கள். பீரங்கிக் குண்டின் உறையை வெட்டிச் செய்தது. செய்த கைதி ஹாரி ஸ்டாக்டன் வீடு திரும்பவில்லை.