மூடின இன்ஜினுக்குக் காசு கொடுக்காதீர்கள் (9,800 வெள்ளி போன கதை)

கே.எல். பக்கம் டிராக் (drag, நேர்கோட்டில் வேகம் பார்க்கும்) ஓட்டத்துக்கு டீசல் இன்ஜின் கட்டப் போகிறவர்கள், அதிலும் என்னைப் போல கையில் பத்தாயிரம் வெள்ளியை வைத்துக்கொண்டு பெரிய ஆசை வளர்க்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன், விவகாரம் இன்னும் ஓடுகிறது, தனியாக வந்தும் கேட்காதீர்கள்.

வண்டி பழைய இசுசு டி-மேக்ஸ் பிக்கப், 4ஜேஜே1 இன்ஜின், 2999 சிசி. செப்பாங்கில் 402 மீட்டரை 15 விநாடிக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தாய்லாந்துக்காரர்கள் இதே இன்ஜினை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள், அதில் கால்வாசி வந்தால் போதும் எனக்கு. டர்போ, டியூனிங் எல்லாம் அப்புறம், முதலில் அடிப்பகுதி பலமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை, பூஸ்டை (டர்போ உள்ளே தள்ளும் காற்றழுத்தத்தை) ஏற்றினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், தாங்காவிட்டால் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். போன இடம்தான் தப்பு.

பத்துமலை பக்கம் ஒரு பட்டறை. "நீ நம்ம பையன், உன்கிட்ட போய் லாபம் பார்ப்பேனா" என்றார் அந்த அண்ணன், தே தாரேக்கும் வாங்கிக் கொடுத்தார். எச் வடிவ ராடு நான்கு 3,400, கிராங்கை 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போட 1,300, மீதி ஹெட் வேலை, கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கிற அடைப்புத் தகடு), கூலி. இரண்டு வாரம் என்றது இரண்டரை மாதம் ஆனது. எப்போது போனாலும் "மிஷின் ஷாப்ல இருக்கு". ஒரு நாள் சொல்லாமல் போய் நின்றால் இன்ஜின் மூடி, கறுப்புப் பெயிண்ட் அடித்து பளபளவென்று இருக்கிறது. பழைய ராடு எங்கே என்று கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்துதான் இந்த இன்ஜினுக்கு கேஸ்கெட் கனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அளந்தீர்களா என்றேன். "கேஸ்கெட் கேஸ்கெட்தானே தம்பி." அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

600 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஜாலான் ஈப்போ சிக்னலில் நிற்கும்போது, இன்ஜின் சூடாக இருந்தால், ஆயில் விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். போன் போட்டால் சென்சார் என்றார், கெட்டி ஆயில் ஊற்றச் சொன்னார். (பேரிங் தேய்ந்து ஆயில் அழுத்தம் குறைந்ததை மறைக்கத்தான் கெட்டி ஆயில் என்று இப்போது புரிகிறது.) நாலாம் நாள் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலையில் கொம்பாக் ஏற்றத்தில் டொக், டொக், டொக். ஓரம் கட்டி டோ வண்டிக்கு 250 அழுதேன்.

கெப்போங்கில் ஒரு வயதான சீன மெக்கானிக், கேட்காமலே என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு சம்ப்பை (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற தட்டை) கழற்றினார். ஆயிலில் ஜிகினாத் தூள் கொட்டின மாதிரி மினுமினுப்பு. பேரிங்கில் ஒரு பாதியை (வளைந்த தகடு மாதிரி இருக்கும்) எடுத்துத் துணியால் துடைத்து, பின்பக்கம் திருப்பி, டார்ச் அடித்துக் காட்டினார். எஸ்.டி.டி. என்று அச்சு, அதாவது குறைக்காத கம்பெனி அளவு. 0.25 குறைத்த கிராங்காக இருந்தால் அங்கே 025 என்றல்லவா இருக்க வேண்டும்? கிராங்க் மிஷினையே பார்க்கவில்லை, உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள், நகத்தை வைத்து இழுத்தால் கோடு தட்டுகிறது. ராடு? ஐ வடிவம், வண்டியோடு வந்த அதே ராடு. மணல் அடித்து வெளுக்க வைத்திருக்கிறார்கள், சரியாகக் கழுவவும் இல்லை. கிராங்கின் ஆயில் துளையில் அங்கிள் கம்பியை விட்டுக் குடைந்தார், அந்த மணல் மிளகுத்தூள் மாதிரி நரநரவென்று வந்தது, பேரிங்கைத் தின்றது அதுதான்.

இன்னொன்று, "ஃபோர்ஜ்டு" (இரும்பை அடித்து உருவாக்கியது) என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள், டீசல் இன்ஜின்களில் கம்பெனி ராடே பெரும்பாலும் ஃபோர்ஜ்டுதான். நான் காசு கொடுத்தது எச் வடிவத்துக்கும் அதற்கான கெட்டி போல்ட்டுக்கும். வடிவத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், அளவுகோல்கூட வேண்டாம், ஆனால் மூடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். பேரிங்கின் முதுகையும் அப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய சாமானை வீட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரசீதில் ஒரே வரி, "இன்ஜின் ரிப்பேர் 9,800". நல்லவேளை, எச் ராடு போட்டாச்சு, 0.25 பேரிங் போட்டாச்சு என்று அவர் பேசி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை நான் அழிக்கவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் வேண்டாம். சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும், தொழிலுக்கு ஓட்டுகிற வண்டி என்றால் அங்கே எடுபடாது.

நோட்டீஸ் போன மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். எடுக்கவில்லை. குரல் பதிவு வந்தது: "தம்பி, எஸ்.டி.டி.ன்னா ஸ்டாண்டர்டு. ஸ்டாண்டர்டான சாமான்தானே போட்டிருக்கேன், அதுக்குப் போய் கேஸா?"

அதையும் மனுவோடு சேர்த்துவிட்டேன்.