உறைபனி மழையும் என் ஹாம் ரேடியோ டவரும்: நீண்ட நாள் அனுபவம்

கனடாவின் ஒட்டாவாவுக்குக் கிழக்கே கிராமப்பக்கம் வீடு. ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு, எனக்குப் பிடித்த வேலை. அதற்காகப் பின்வளவில் ரோன் 25ஜி என்ற எஃகு டவர், 50 அடி உயரம், நாலாபுறமும் சாயாமல் ஸ்டே கம்பிகளால் இழுத்துக் கட்டியது. உச்சியில் மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்) கொண்ட யாகி, ஒரு திசையை நோக்கித் திருப்பும் ஆன்டெனா. டவரிலிருந்து எதிரே நிற்கும் மேப்பிள் மரத்துக்கு 80 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல், அதாவது நீளக் கம்பி ஆன்டெனா. பத்து வருஷத்துக்கும் மேலாக இதே அமைப்புதான். டவர் வைக்க ஆசைப்படும் நண்பர்கள் காற்றைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். இந்தப் பகுதியில் நான் அதைவிடப் பயப்படுவது பனிக்கட்டிக்கு.

சாதாரணமாகக் கொட்டும் பனி டவரில் தங்காது, உதிர்ந்துவிடும். ஆபத்து உறைபனி மழையில்தான். மேலே சூடான காற்று, தரையை ஒட்டிக் கடுங்குளிர். இடையில் இறங்கும் மழைத்துளி உறைநிலைக்குக் கீழே போன பிறகும் நீராகவே வந்து, எதைத் தொட்டாலும் அதிலேயே கண்ணாடியாக இறுகிவிடும். 1998 ஜனவரியில் ஒட்டாவாவில் இப்படி 85 மில்லிமீட்டர் பெய்தது, மொன்றியலில் 100. பொறியாளர்கள் கணக்குப் போட்டு நிறுத்திய உயர் அழுத்த மின்கோபுரங்களே ஏறக்குறைய 1000 மடங்கி விழுந்தன.

நம் டவருக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஸ்டே கம்பியின் தடிமன் 5 மில்லிமீட்டர்தான். அதைச் சுற்றி 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி பிடித்தால், ஒவ்வொரு மீட்டரிலும் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறும். என் டவரின் ஆறு கம்பிகளுக்கும் சேர்த்து அது 200 கிலோ. அத்துடன் 5 மில்லிமீட்டர் கம்பி 55 மில்லிமீட்டர் தடியாகிவிடுவதால், காற்று பிடித்துத் தள்ளும் அகலமும் 11 மடங்கு. பனியும் காற்றும் சேர்ந்து வரும் நாள்தான் டவருக்குச் சோதனை.

ஸ்டே கம்பிகள் எனக்கு இன்றுவரை தொல்லை தந்ததில்லை. 3/16 அங்குல ஈஎச்எஸ் (மிக உறுதியான வகை) எஃகுக் கம்பி, ஏறத்தாழ 4000 பவுண்டு வரை தாங்கும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 400 பவுண்டு இழுவிசை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் டென்ஷன் கேஜ் வைத்து அளந்து சரிசெய்வேன். முனைகளில் நட்டு முடுக்கும் யூ கிளாம்ப் போடாமல், கம்பியைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும் பிரீஃபார்ம்ட் கிரிப் போட்டது நல்ல முடிவு. ஆண்டுதோறும் நட்டு நட்டாக முடுக்கும் வேலை இல்லை. கம்பியின் இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று தளராமல் இருக்க அதன் நடுவே கம்பி கோத்துக் கட்டியிருக்கிறேன்.

பலரும் கவனிக்காத இடம் டவரின் கால்கள். அவை உள்ளீடற்ற குழாய்கள். உள்ளே இறங்கும் நீர் அடியிலுள்ள சரளைக்கல்லுக்குள் வடிந்துவிட வேண்டும். அடிமுனையைக் கான்கிரீட் அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே நின்று, உறைந்து, விரிந்து, குழாயைப் பிளந்துவிடும். மேல் பூச்சு நன்றாக இருந்தால் பார்வைக்குத் தெரியாது. பனி கரைந்ததும் முதல் வேலையாக மூன்று கால்களையும் அடியிலிருந்து இடுப்பளவு வரை கையால் தடவிப் பார்ப்பேன். புடைப்போ மெல்லிய கீறலோ இருந்தால் விரலுக்குப் பிடிபட்டுவிடும்.

டைபோலுக்குச் செய்த ஏற்பாடு வேறு மாதிரி. 40 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியில் 12 மில்லிமீட்டர் பனி பிடித்தாலே 19 கிலோ. அதை விறைப்பாகக் கட்டினால் அந்த எடை டவர் உச்சியைப் பக்கவாட்டில் இழுக்கும். அதனால் மரத்துப் பக்கம் கப்பி போட்டு, கயிற்றின் முனையில் சரளைக்கல் நிரப்பிய வாளியைத் தொங்கவிட்டேன். கம்பி கனத்துத் தாழ்ந்தால் வாளி மேலேறி இடம்கொடுக்கும். அப்புறம், கயிற்றுக்கும் டைபோலுக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு மெல்லிய நைலான் கயிற்றைச் சேர்த்தேன். 2023 ஏப்ரல் 5 அன்று வந்த உறைபனி மழையில் கப்பியே உறைந்துபோய், வாளி அசையாமல் நின்றுவிட்டது. நைலான் கயிறு அறுந்தது, டைபோல் தரைக்கு வந்தது, டவர் அப்படியே நின்றது. என் மொத்தச் செலவு ஒரு முழக் கயிறு. எது முதலில் அறுந்து விழ வேண்டும் என்பதைப் புயலிடம் விட்டுவிடாமல் நாமே தீர்மானிக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

யாகிக்குச் செய்யக்கூடியது குறைவு. எலிமென்ட்கள் தொங்கும், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஏற்காமல் திரும்பும் சக்தியைக் காட்டும் அளவு) எகிறும். பனி கரைந்ததும் இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதுவரை யாகியைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டரைத் தொடக்கூடாது. சிலிகோன் ஸ்பிரே அடித்தும் பார்த்தேன், கண்ணாடிப்பனிக்கு அது பொருட்டே இல்லை, காசு வீண். கம்பியைத் தடியால் தட்டிப் பனியை உதிர்க்கவே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று பாரம் குறைந்தால் மறுபக்கம் டவரை உலுக்கி இழுக்கும், கீழே நிற்பவர் தலையிலும் விழும். அப்படி விழும் கட்டிகளுக்குத் தப்ப, ஆன்டெனாவை ரேடியோவுடன் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை டவர் அடியிலிருந்து வீடு வரை நிலத்தடிக் குழாயில் கொண்டுபோனேன். இந்த டவருக்கு நான் செலவழித்ததிலேயே மிகவும் பயன்பட்ட பணம் அது.

புதிதாக வைப்பவர்கள் கைப்பிடியால் சுற்றி இறக்கும் டெலஸ்கோப் டவரையும் யோசிக்கலாம். எச்சரிக்கை வந்ததும் இறக்கிவிடலாம், பெரிய வசதி. ஆனால் மழை தொடங்குமுன் இறக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் பகுதிகள் உறைந்து ஒட்டியபின் வற்புறுத்தினால், அவற்றை ஏற்றி இறக்கும் எஃகு கேபிள் போய்விடும்.

இனி என் கவலை மேப்பிள் மரம்தான். பனி ஏறினால் டவருக்கு முன்பே அதன் கிளைகள் முறியும், ஸ்டே கம்பிக்கு அவை ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. வரும் அக்டோபருக்குள் அந்தக் கிளைகளை வெட்டிவிட்டு, தள்ளி ஒரு மரக்கம்பம் நட்டு, கப்பியையும் வாளியையும் அதற்கு மாற்றப்போகிறேன்.