தெளிந்த ஏரியில் மஸ்கி: கோடையா, பனிக்கு முன்பா? வீசுவதா, இழுப்பதா?

மஸ்கி என்பது பைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய நன்னீர் வேட்டை மீன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஹேவர்ட் பக்கம் அதைத் தூண்டிலில் பிடிக்கப் போகிறவர்களிடையே முதல் வாக்குவாதமே எந்த ஏரி என்பதுதான். 1949 ஜூலையில் கால் ஜான்சன் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மஸ்கியை லாக் கோர்ட் ஓரெய் ஏரியில் பிடித்தார். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது ‘லகூடரே’. அதே ஆண்டு அக்டோபரில், பக்கத்துச் சிப்பெவா நீர்த்தேக்கத்தில் 69 பவுண்டு 11 அவுன்ஸ் என்று லூயி ஸ்ப்ரே கணக்குக் காட்டினார். முன்னதை உலகச் சாதனையாக ஐஜிஎஃப்ஏ என்ற பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் ஏற்கிறது. பின்னதை ஹேவர்டிலேயே இருக்கும் நன்னீர் மீன்பிடிப்புப் புகழரங்கம் ஏற்கிறது. இரண்டையும் நம்பாதவர்களும் உண்டு. திட்டம் போடுகிறவர் கவனிக்க வேண்டியது எடையை அல்ல, தண்ணீரை.

சிப்பெவா 15,300 ஏக்கர். தண்ணீர் காபி டிகாஷன் நிறம். மரக்கட்டைகள், மிதக்கும் சதுப்புத் திட்டுகள், நீர்ப்பூண்டு. உச்சி வெயிலிலும் மஸ்கி ஆறடி ஆழத்தில் பூண்டுக்குள் படுத்திருக்கும். லகூடரே சுமார் 5,000 ஏக்கர்தான். ஆனால் ஆழம் 90 அடி வரை போகிறது. குளிர்ந்த ஆழத்தில் சிஸ்கோ என்ற கொழுத்த வெள்ளி மீன் கூட்டமாகத் திரியும். மஸ்கிக்கு அதுதான் சாப்பாடு. பெரிய மஸ்கி கரையோரத்தை விட்டு நடு ஏரிக்குப் போய்விடுவதற்கும் அதுவே காரணம். சிப்பெவாவில் இடத்தைத் தேட வேண்டும். லகூடரேயில் நேரத்தையும் சிஸ்கோவையும் தேட வேண்டும். இது பிடிபடாமல் நான்கு நாள் பகலெல்லாம் கரையோரம் வீசிவிட்டு, “இந்த ஏரியில் மீனே இல்லை” என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஜூன் கடைசி – ஜூலை நடு: இரவு வீச்சு

வடக்கு மண்டலத்தில் மஸ்கி பருவம் மே கடைசியில் திறந்து டிசம்பர் 31 வரை நீள்கிறது. திறந்தவுடன் போவதில் பெரிய லாபமில்லை. முட்டையிட்டுக் களைத்த மீன் அப்போது சிதறிக் கிடக்கும். தண்ணீர் 68 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, புதுப் பூண்டு எழுந்து நிற்கும்போதுதான் வேட்டை சூடு பிடிக்கும். அப்போதும் தெளிந்த தண்ணீரில் நண்பகல் வீண். மீன் லூரை, அதாவது செயற்கை இரையை, தொலைவிலிருந்தே பார்த்துவிடும், பின்னாலேயே படகு வரை வரும், உங்களையும் பார்த்துவிட்டு மெல்ல இறங்கிப் போய்விடும். இந்த ‘பின்தொடரல்’ பார்க்கப் பரவசமாக இருக்கும், கணக்கில் வராது.

ஆகவே சூரியன் விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்கி நள்ளிரவு வரை இருப்பதுதான் கோடைத் திட்டத்தின் உயிர். இருட்டில் கறுப்பு லூரே போதும். மேலே வானத்தின் மங்கல் வெளிச்சம், கீழிருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்புதான் எடுப்பாகத் தெரியும். 10-ஆம் எண் தகடு இரண்டு பூட்டிய பக்டெயில் (தகடு சுழல, முடிக்குஞ்சம் ஆடிவரும் லூர்), அல்லது தண்ணீர் மேல் ‘ப்ளாப் ப்ளாப்’ என்று தட்டிக்கொண்டு வரும் லூர். வேகம் மாறாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். தடுமாறும் லூரை இருட்டில் மீன் குறி தவறவிடும்.

வீச்சின் முடிவில் லூரைப் படகருகே 8 வடிவில் சுற்றி எட்டு போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடைசிப் பத்தடியில் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் ஓர் அடி இறக்கி, முதல் திருப்பத்தை மாட்டு வண்டி திரும்புவதுபோல் அகலமாகப் போட வேண்டும். ஐம்பது அங்குல மீன் குறுகிய வளைவில் திரும்ப முடியாமல் விலகிவிடும். இரவில் மீனைக் காண முடியாது என்பதால் ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு எட்டு கட்டாயம்.

அக்டோபர் கடைசி – நவம்பர்: இழுவை

இலையுதிர்காலத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. மேல்நீர் குளிர்ந்து 55 டிகிரியை ஒட்டி இறங்கும்போது ஏரி புரளும்: மேலும் கீழும் கலந்து, அடுக்கு உடைந்து, மீன் எங்கும் இருக்கும், எங்கும் கடிக்காது. ஒரு வாரம், சில ஆண்டு அதற்கும் மேல். விடுதியில் அறை பிடித்தாயிற்று என்பதற்காக அந்த வாரத்தில் போகாதீர்கள். ஆழமான ஏரி கடைசியாகப் புரளும்; ஆழமற்ற சிப்பெவா அதற்கு முன்பே புரண்டு முடிந்திருக்கும். தேதியை மாற்ற வழியில்லை என்றால் அந்த நாட்களை அங்கே கழிப்பது மேல்.

புரண்டு முடிந்தபின் கதை வேறு. தண்ணீர் 40 டிகிரியை நெருங்க, சிஸ்கோ முட்டையிடப் பாறைத் திட்டுகளுக்கும் சரளைக் கரைகளுக்கும் ஏறும். பெரிய மஸ்கி அந்தச் சரிவின் அடியில் காத்திருக்கும். ஆண்டில் மிகக் கனமான மீன் கிடைப்பது இந்த வாரங்களில்தான். எண்ணிக்கை குறைவு. நான்கு நாளில் ஒரே ஒரு கடி என்றாலும் அதை நல்ல பயணம் என்பார்கள்.

இழுப்பது என்றால் லூரைப் பின்னால் விட்டுப் படகை ஓட்டுவது. அந்த முறை கோடைக்கும் குளிருக்கும் வேறு. கோடையில் நடு ஏரியில் 40–60 அடி ஆழத்தின் மேல், லூர் 8–15 அடியில் ஓட, மணிக்கு 3.5 முதல் 5 மைல். மஸ்கி மேல்நோக்கிப் பார்த்தே வேட்டையாடும். சோனாரில் (ஒலியால் மீனையும் ஆழத்தையும் காட்டும் கருவி) சிஸ்கோ கூட்டம் 25 அடியில் தெரிந்தால் லூர் அதற்கு மேலேதான் ஓட வேண்டும், அடியில் ஓடினால் சும்மா. குளிரில் வேகத்தை 2–3 மைலுக்குக் குறைத்து, பத்து அங்குல நீள மர அல்லது பிளாஸ்டிக் லூரைச் சரிவின் விளிம்போடு கொண்டுபோங்கள். தெளிந்த தண்ணீரில் மோட்டாருக்கு நேர் பின்னால் விட்ட லூரைவிடப் படகிலிருந்து விலகி மிதந்துவரும் பக்கவாட்டுப் பலகையில் கட்டி அறுபது, எழுபது அடி தள்ளி விட்டதுதான் கடி வாங்கும். படகு கடந்த தடத்தில் மீன் ஒதுங்கிவிடுகிறது.

இழுவையின் குறை: சலிப்பு. ஒருவர் ஓட்ட, மற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒருவருக்கு எத்தனை தூண்டில், படகுக்கு எத்தனை என்பதும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. மாநில மீன்பிடி விதிக் கையேட்டில் இந்த ஏரிகள் இருக்கும் சாயர் மாவட்டப் பக்கத்தைப் பார்த்துவிட்டே கோல் தாங்கிகளை வாங்குங்கள். நவம்பரில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்து நரம்பு நிற்கும். படகுத்துறையின் மிதவை மேடைகளை அதற்குள் கழற்றியிருப்பார்கள். இடுப்பளவு நீர்க்காலணி இல்லாமல் படகை இறக்க முடியாது.

உயிருள்ள சக்கர் மீனைப் பக்கத்தில் தொங்கவிட்டு வீசுவது மூன்றாவது வழி. எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட இரைக்கு, விஸ்கான்சின் விதிப்படி உடனடியாக முள் ஏற்றும் குவிக்-ஸ்ட்ரைக் அமைப்போ, கோணல் இல்லாத வட்டக் கொக்கியோ வேண்டும். விழுங்கும்வரை காத்திருக்கும் பழைய பழக்கம் வயிற்றில் முள் ஏற்றி மீனைக் கொன்றது.

சரக்கு

கோல் இரண்டு வகைக்கும் பொதுவாக 9 அடி, கனரகம். 80 பவுண்டு பின்னல் நரம்பு. லூருக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பான லீடரில்தான் வேறுபாடு: வீச்சுக்கு 100–130 பவுண்டு ஃப்ளூரோகார்பன் ஓர் அடி, ஒன்றரை அடி, இழுவைக்கு மூன்றடியாவது வேண்டும். இழுக்கையில் மீன் சுழன்று நரம்பைத் தன்மேல் சுற்றிக்கொள்ளும், பின்னல் நரம்பு செவுளில் அறுபடும். லூருக்குக் காசைக் கொட்டுவதற்கு முன் பெரிய வலை, நீண்ட மூக்குக் குறடு, முள்ளை நறுக்கும் வெட்டுக்குறடு மூன்றையும் வாங்குங்கள். லகூடரேயில் குறைந்தபட்ச அளவு 50 அங்குலம், நாளொன்றுக்கு ஒரு மீன். ஏறக்குறைய எல்லா மீனும் திரும்பத் தண்ணீருக்குத்தான் போகப் போகிறது. வலையைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை நறுக்கி எடுங்கள். மேல்நீர் 80 டிகிரியைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிய மீன் நீந்திப் போவதுபோல் போய்ப் பிறகு சாகும்.

நிலாவைப் பார்த்துத் தேதி குறிப்பவர்கள் உண்டு. மஸ்கீஸ் இங்க் என்ற மஸ்கி பிடிப்போர் சங்க உறுப்பினர்களின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிடிப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிச் சுமார் 5 சதவீதம் கூடுதல் என்றது. இருக்கிறது, ஆனால் விடுப்பு எடுக்கும் அளவுக்கு இல்லை. காற்று அதைவிடப் பெரிய விஷயம்: நீர்ப்பரப்பு கலங்கி அலையடித்தால் தெளிந்த ஏரியில் பகலும் பிழைக்கும்.

எதை எடுப்பது?

முதல் முறை போகிறவர், தானே வீசிப் பிடிக்க ஆசைப்படுகிறவர்: ஜூலை முதல் பாதி, ஐந்து இரவு, பகலில் தூக்கம். மஸ்கியைப் பத்தாயிரம் வீச்சு மீன் என்பார்கள். ஒரு நாளுக்கு ஐந்நூறு வீச்சு என்றாலே தோள் கழன்றுவிடும், அதையும் மனதில் வையுங்கள். ஏற்கெனவே சிலவற்றைப் பிடித்துவிட்டு ஒரே ஒரு ராட்சசிக்காக ஏங்குகிறவர்: நவம்பர் முதல் இரண்டு வாரம், இழுவை, முதல் நாளுக்கு மட்டும் வழிகாட்டி. அவருடைய சோனாரில் சிஸ்கோ எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் மிச்ச நாளைத் தனியே ஓட்டலாம். ஆகஸ்டைத் தொடவே வேண்டாம்: சூடு, உல்லாசப் படகுகள், வீச்சுக்கு எட்டாத ஆழத்தில் மீன்.

எந்த மாதமானாலும் ஒரு நாளைச் சிப்பெவாவுக்கு ஒதுக்குங்கள். வானம் நீலமாய், காற்றே இல்லாமல், லகூடரே கண்ணாடிபோல் கிடக்கும் நாள் அதற்கு. கிளம்பும் முன் படகின் அடித்தண்ணீரையும் இரைத்தொட்டித் தண்ணீரையும் வடித்து, டிரெய்லரில் சிக்கிய பூண்டை உருவிப் போட வேண்டும். ஓர் ஏரியின் களை இன்னோர் ஏரிக்குப் போகக்கூடாது என்பது அங்கே சட்டம்.