காரில் ஸ்போக் வீல் போட்டு இரண்டு வருடம்: பெரும்பாலும் அந்த நடுக்கத்தைப் பற்றி

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான், "உன் வண்டியில இருக்கிற மாதிரி ஸ்போக் வீல் நானும் போடட்டுமா?" போடாதே என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்றான். ஒரு மணி நேரம் பேசினேன், அதில் முக்கால் மணி நேரம் ஒரே புலம்பல்.

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார், நான்காம் தலைமுறை. கூடவே வந்த 16 அங்குல அலாய் வீலைக் கழற்றிவிட்டு 15 அங்குலத்தில் 72 கம்பி (ஸ்போக்) வீல் போட்டேன். நான்கு போல்ட் இருந்த இடத்தில் ஓர் அடாப்டர், அதன் பல் வெட்டிய தண்டில் வீலைச் செருகி நடுவில் ஒரே நட். ஜாகுவார் இ-டைப் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த ஏற்பாடுதான். டயர் 195/50 ஆர்16 போய் 195/55 ஆர்15 வந்தது, விட்டம் ஒரு சதவீதம்தான் குறைகிறது. இறக்கை வைத்த நட் பார்க்க அழகு, ஆனால் ஆள் மேல் பட்டால் கிழிக்கும் (அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டார்கள்), அதனால் எண்கோண நட் வாங்கினேன். இதுவரை எல்லாம் சரி.

அப்புறம் நடுக்கம். வேகம் 85 கிலோமீட்டரில் ஆரம்பித்து 95 வரை ஸ்டியரிங் கையில் உதறும், 100 தாண்டினால் ஒன்றும் தெரியாது. மூன்று டயர் கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் வீலைச் சுழற்றி எடை சமன் பார்க்கும் பேலன்சிங் மெஷினில் மாட்டி, சமன் செய்ய 40 கிராம் ஈயம் ஒட்டினார்கள், அடுத்த கடையில் அதைப் பிய்த்துவிட்டு எதிர்ப்பக்கம் 60 கிராம். மூன்றாவது கடைக்காரர் மெஷினில் பூஜ்யம் காட்டுவதைத் திரும்பத் திரும்பக் காட்டி, "சார், வீல்ல ஒண்ணும் இல்ல, உங்க கைதான்" என்றார். என் கையாம்!

கோளாறு மெஷினிலும் இல்லை, கையிலும் இல்லை, மெஷினில் வீலை மாட்டிய விதத்தில். அலாய் வீலை நடு ஓட்டையில் ஒரு கூம்பை விட்டு இறுக்கினால் மையம் தானாக வந்துவிடும். இந்த வீலின் நடு ஓட்டையில் இருப்பது பற்கள், அவை சுழற்றத்தான், மையம் பிடிக்க அல்ல. மையம் பிடிப்பது வீலின் உள்பக்கச் சரிவும் நட்டின் சரிவும். பல்லின் மேல் கூம்பை வைத்து இறுக்கினால் வீல் மயிரிழை விலகி உட்காரும், மெஷின் அந்த விலகலுக்குச் சேர்த்து ஈயம் கேட்கும், கொடுத்தால் பூஜ்யம் காட்டும், வண்டியில் மாட்டினால் உதறும். கடைசியில் பழைய கார் மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக், தேய்ந்த ஹப் (வீல் செருகும் பல் வெட்டிய தண்டு) ஒன்றை அறுத்து மெஷினுக்கென்று செய்து வைத்திருந்தார். அதில் மாட்டினால் வெறும் 15 கிராம்! இதற்காகப் பதினோரு மாதம்.

ஆனால் நியாயமாகச் சொன்னால் அந்த மனிதர் போகும்போது கற்றுக்கொடுத்த ஒன்று எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. பேனாவால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இறுகியது டிங் என்கும், தளர்ந்தது தொப் என்கும். வீலில் எந்தக் கம்பியும் வண்டியைத் தூணாகத் தாங்குவதில்லை, எல்லாம் சேர்ந்து இழுத்துப் பிடிக்கின்றன; ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும் கம்பி கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. இன்றைய டயரின் பிடிப்புக்கு அதற்கு வேலை அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் 288 கம்பியையும் தட்டிவிட்டு, அப்படியே டூத்பிரஷ்ஷில் பிரேக் தூளையும் எடுத்துவிடுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

மற்றவை சுருக்கமாக. கம்பி முனைகள் ரிம்மைத் துளைத்து வருவதால் உள்ளே டியூப்தான், பஞ்சரானால் காற்று மெல்ல இறங்காது, பொசுக்கென்று போய்விடும். டயருக்குள் ஒட்டியிருக்கும் லேபிளைப் பிய்க்காமல் டியூப் போட்டால் அதுவே உரசிக் கிழிக்கும். காற்றழுத்த சென்சாருக்கு இடமில்லை, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு நிரந்தர வாடகைக்காரர். பற்களுக்கு கிரீஸ் வைக்க மறந்து ரிவர்ஸிலிருந்து முன்னே போகும்போது ஒரு முறை 'டொக்' கேட்டது, அதற்கப்புறம் மறக்கவில்லை.

சாயங்கால வெயிலில் பக்கத்து வண்டியின் கதவில் என் வீல் சுழல்வது தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே சிக்னலில் மெதுவாகக் கிளம்புகிறேன், பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

எனவே போடாதே என்பதுதான் என் பதில். நண்பன் விடவில்லை: "அப்ப உன்னோடதைக் கழட்டி எனக்குக் குடுத்துடு, பரண்ல இருக்கிற அலாயை நீ மாட்டிக்கோ." போனை வைத்துவிட்டேன். பின் இடதுபக்கத்தில் ஒரு கம்பி தொப் என்கிறது, அதை முதலில் பார்க்க வேண்டும்.