மடக்கு போனும் என் கட்டைவிரலும்

நேற்று ஸ்மார்ட்போனுக்குத் திரை மாற்ற 29,800 யென் அழுதுவிட்டு வந்தேன். இது இரண்டாவது முறை. வீட்டுக்கு வந்தால் நண்பனின் மெசேஜ்: "டேய், 4ஜி-ல பட்டன் வச்ச மடக்கு போன் இன்னும் விக்கிறாங்களாமே, வாங்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை. பதில் கொஞ்சம் நீளும்.

டோக்கியோ வந்த புதிதில், 2008-ல் வாங்கிய மடக்கு போனை 2022 மார்ச் வரை வைத்திருந்தேன். நானாக விடவில்லை, என் போன் கம்பெனி 3ஜியையே மூடிவிட்டது. இங்கே அதற்குப் பெயர் 'கராகே', அதாவது கலாபகோஸ் போன். உலகத்தோடு ஒட்டாமல் தனியாக வளர்ந்த கலாபகோஸ் தீவு ஜீவராசியாம், கிண்டல். செய்யட்டும். 2006-லேயே மொபைல் சூய்க்கா என்ற ரயில் அட்டை வசதி போனுக்குள் வந்து, மடக்கு போனைத் தட்டி ரயில் ஏறிய ஊர் இது. ஐபோன்காரர்களுக்கு அந்த பாக்கியம் 2016 அக்டோபரில்தான் வந்தது. 2011 நிலநடுக்கத்தன்று ரயில் எல்லாம் நின்று, ஆபீஸிலிருந்து நடந்தே வீடு திரும்பினேன். யாருக்கும் போன் போகவில்லை. ஆனால் மடக்கு போனின் ஆண்டெனாவை இழுத்துவிட்டால் டிவி வந்தது. வழி நெடுக செய்தி பார்த்துக்கொண்டே நடந்தேன்.

என் புகார் அதெல்லாம் இல்லை. பொத்தான்.

மடக்கு போனில் 5-ஆம் பொத்தான் மேல் கடுகளவு ஒரு மேடு இருக்கும். காலை எட்டு மணிக்கு நிஷி-கசாய் ஸ்டேஷனில் தோசாய் லைன் மெட்ரோ ஏறினால், தூக்கிய கையை இறக்க இடம் கிடையாது. ஒரு கை கைப்பிடி வளையத்தில், மறு கை இடுப்போடு நசுங்கிக் கிடக்கும். கட்டைவிரல் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் போதும், மற்ற பொத்தானெல்லாம் பக்கத்து வீடு மாதிரி. குனிந்து பார்க்காமலே மனைவிக்கு மெயில் போய்விடும். ஸ்மார்ட்போனில் எங்கே தடவினாலும் வழவழ கண்ணாடி. முகத்துக்கு நேரே தூக்கினால்தான் ஆச்சு. தூக்கினால் மேல் மூலைக்கு விரல் எட்டாது. எட்டட்டுமே என்று பிடியை நகர்த்தினால் டமால். இரண்டு திரையும் இப்படித்தான் போயின.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மடக்கு போனுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் மெயில் வந்தால் வெறும் கேள்விக்குறிகள். "சாப்டியா" என்று ஆங்கில எழுத்தில் அடிக்க 14 அழுத்தல், எஸ் ஒன்றுக்கே நாலு. ஸ்மார்ட்போன் வாங்கிய வாரம் அம்மா வாட்ஸ்அப்பில் "கண்ணு சாப்டியா" என்று தமிழிலேயே அனுப்பியிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்து, இறங்கவேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி பழசை டிராயரிலிருந்து எடுத்து சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது. சிக்னல் கோடு இருக்கவேண்டிய இடத்தில் 'கெங்காய்', அதாவது எல்லைக்கு வெளியே. பட்டென்று மூடினேன். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு தடவை திறந்து மூடினேன்.

இப்போது வரும் 4ஜி மடக்கு போன்களில் பெரும்பாலானவற்றில் கூகுள் பிளே கிடையாது. அம்மாவின் வாட்ஸ்அப் வராது. அதனால் நீ வாங்காதே.

நான் சனிக்கிழமை போய் ஒன்று வாங்கப்போகிறேன். 5-ல் மேடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான்.